முதல்வர் அறைக்குப் போகுமுன்: சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு

தமிழ்நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துப் பழகியவர்கள் சிங்கப்பூருக்கு வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். எதுவானாலும் ஹெட்மாஸ்டரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்பது. இடம் வேண்டுமா, பிரிவு மாற்ற வேண்டுமா, கட்டணத்தில் சலுகை வேண்டுமா, நேரே போய்ப் பார்ப்பது. தாளாளருக்குத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

இங்கே அந்த வழி பெரும்பாலும் முட்டுச்சந்தில்தான் முடியும். அதற்காக, "முதல்வரால் ஒன்றும் ஆகாது, எல்லாம் கல்வி அமைச்சுதான்" என்று ஒதுங்கிக்கொள்வதும் சரியல்ல. ஒரு பிள்ளையின் பள்ளி நாளை அடியோடு மாற்றக்கூடிய சில முடிவுகள் முதல்வர் கையில்தான் இருக்கின்றன. எது அவர் கையில் இருக்கிறது, எது இல்லை, அவர் தலையில் என்னென்ன சுமை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குக் காரியம் நடக்கிறது. மற்றவருக்குத் தேநீரும் புன்னகையும் கிடைக்கின்றன.

அரசாங்கப் பள்ளி, அரசாங்க உதவிபெறும் பள்ளி இரண்டிலும் தொடக்கநிலை 1 முதல் 6 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அனைத்துலகப் பள்ளிகளின் கதை வேறு.

படி 1: எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்?

சிங்கப்பூரில் சுமார் 180 தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதல்வரும் கல்வி அமைச்சின் அதிகாரி. பள்ளியின் சொந்தக்காரரும் அல்லர், அந்தப் பள்ளியிலேயே வேர்விட்டு ஓய்வுபெறப் போகிறவரும் அல்லர். வகுப்பாசிரியராகத் தொடங்கி, பாடத் தலைவர், துறைத் தலைவர், துணை முதல்வர் என்று ஏறி வந்திருப்பார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் வருங்கால முதல்வர்களுக்கென்று பல மாத முழுநேரப் பயிற்சி ஒன்று 2001 முதல் நடக்கிறது. இன்றைய முதல்வர்களில் பலரும் அதில் தேறி வந்தவர்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைச்சு இவர்களை வேறு பள்ளிக்கு மாற்றும். ஆண்டு முடிவில் புதிய நியமனங்கள் அறிவிக்கப்படும். ஜனவரியில் புதியவர் நாற்காலியில் இருப்பார். ஆகவே, "முதல்வர் என்னிடம் வாக்குக் கொடுத்தார்" என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவர் சொன்னது எழுத்தில் இருக்கட்டும்.

அவருக்கு மேலேயும் ஆள் உண்டு. பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கி, அதற்கு ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும் முறை 1997இல் வந்தது. முதல்வர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

அவருடைய நாள் எப்படிப் போகிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் 30 பேர் வரை, அதற்கு மேல் 40 பேர் வரை. ஆறு நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் பல வகுப்புகள். ஆயிரம் பிள்ளைகளைத் தாண்டும் பள்ளிகள் நிறைய. பாடம் நடத்துவது ஒரு பக்கம் இருக்க, உணவகத்தில் கடைபோட ஆள் கிடைக்கவில்லை என்பதும் முதல்வர் தலைவலிதான். வயதான கடைக்காரர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு வர இளையவர் முன்வருவதில்லை. மைய சமையற்கூடத்திலிருந்து சாப்பாடு வரவழைக்கும் பள்ளிகள் அதனால்தான் கூடி வருகின்றன. பள்ளிப் பேருந்துக்கு ஓட்டுநர் கிடைப்பதும் சிரமம். "பஸ் ஏன் நின்றது?" என்று நூறு பெற்றோர் எழுதுவார்கள். பஸ்ஸோ தனியார் நிறுவனத்துடையது, பதில் சொல்ல வேண்டியவரோ முதல்வர்.

குழந்தை பிறப்பு குறைந்துகொண்டே போகிறது. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற கணக்கு, 2023இல் 0.97க்கு இறங்கியது. பழைய பேட்டைகளில் இருக்கும் பள்ளிகளுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. 2019இல் 14 தொடக்கப்பள்ளிகள் இணைக்கப்பட்டு 7 ஆயின. சேர்க்கை குறைந்த பள்ளியின் முதல்வர் திறந்த இல்ல நாளில் (பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாள்) உங்களை வாசல்வரை வந்து வரவேற்பதற்கும், பெயர்பெற்ற பள்ளியில் உங்கள் மின்னஞ்சலுக்கு மூன்று வரியில் பதில் வருவதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், புதிதாக வந்த குடும்பத்துக்கு முதல் வகைப் பள்ளியே நல்லது. அங்கே உங்கள் பிள்ளையின் பெயர் முதல்வருக்குத் தெரிந்திருக்கும்.

படி 2: உங்கள் விஷயம் எந்தக் கூடையில் விழுகிறது?

முதல்வருக்கு எழுத உட்காருமுன் இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிடுங்கள்.

முதல் கூடை, அவர் கையில் அறவே இல்லாதவை. தொடக்கநிலை 1 சேர்க்கைதான் இதில் தலையாயது. கட்டம் கட்டமாக நடக்கும் பதிவு அது. உடன்பிறப்பு அங்கே படித்தால் முதல் கட்டம். பிறகு பழைய மாணவர்களின் பிள்ளைகள் முதலானோர். பிறகு பள்ளியில் தொண்டூழியம் (சம்பளமில்லாத் தொண்டு) செய்த பெற்றோர், வட்டாரச் சமூகப் பணியில் இருக்கும் அடித்தளத் தலைவர்கள், பள்ளியோடு தொடர்புடைய சமயக் குழுக்கள், குலச் சங்கங்களைச் சேர்ந்தோர். பிறகு 2சி எனப்படும் பொதுக் கட்டம். விண்ணப்பம் இடத்தைவிட மிஞ்சினால் குடிமக்களுக்கு முன்னுரிமை, அவர்களுக்குப் பின் நிரந்தரவாசிகள். அதற்குள்ளும் 1 கிலோமீட்டருக்குள் வீடு, 1 முதல் 2 கிலோமீட்டர், அதற்கு அப்பால் என்ற வரிசை. அப்படியும் மிஞ்சினால் கணினிக் குலுக்கல். அந்தக் குலுக்கலை அமைச்சு நடத்துகிறது. முதல்வர் நினைத்தாலும் ஒரு பெயரைச் செருக முடியாது.

நிரந்தரவாசிக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2020இல் நடந்த பதிவிலிருந்து சில பள்ளிகளில் நிரந்தரவாசிப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. அந்தப் பள்ளியின் தொடக்கநிலை 1 இடங்களில் 25 முதல் 30 விழுக்காடு. எந்தெந்தப் பள்ளிகள் என்பதை அமைச்சு முன்கூட்டியே வெளியிடும். பார்த்துவிட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை அனுமதியில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரப்படும் டிபென்டன்ட் பாஸில் இருக்கும் பிள்ளை அனைத்துலக மாணவராகக் கணக்கிடப்படும். தொடக்கநிலை 1 என்றால் முதலில் இணையம்வழி விருப்பத்தைத் தெரிவித்துவிட்டு, எல்லாரும் சேர்ந்த பிறகு மிஞ்சும் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். தொடக்கநிலை 2 முதல் 5 வரை என்றால் ஏஇஐஎஸ் எனப்படும் நுழைவுத் தேர்வு. இதற்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அலுவலகத்தில் இருப்பவர்கள் பொறுமையாக அமைச்சின் இணையத்தளத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் இடம் கிடைக்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். கிடைக்காது. அந்தப் பேச்சை அலுவலக முகப்பில் எடுப்பதே ஆபத்து. அவர்கள் அரசாங்க ஊழியர்கள், இது சிங்கப்பூர். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுப்பதும் அப்படித்தான். 1 கிலோமீட்டர் முன்னுரிமையில் இடம் பெற்ற குடும்பம், பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும். பொய் முகவரி கொடுப்பது குற்றம், இடமும் பறிபோகும்.

பெற்றோர் தொண்டூழியம் மட்டும் நேர்வழி. பதிவுக்கு முந்தைய ஆண்டு ஜூலை 1க்குள் பள்ளி உங்களைத் தொண்டூழியராக ஏற்றிருக்க வேண்டும். பதிவு ஆண்டின் ஜூன் 30க்குள் குறைந்தது 40 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். யாரை ஏற்பது என்பது பள்ளியின் விருப்பம். பெயர்பெற்ற பள்ளிகள் பலரைத் திருப்பி அனுப்பும். நாற்பது மணி நேரம் சாலையோரம் கொடி பிடித்துப் பிள்ளைகளைக் கடக்கவிட்டும் குலுக்கலில் தோற்றவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாடத்திட்டமும் தேர்வு முறையும் இதே கூடைதான். தொடக்கநிலை 1, 2க்குத் தேர்வு 2019 முதல் இல்லை. அரையாண்டுத் தேர்வு 2023 முதல் எந்த நிலையிலும் இல்லை. "எங்கள் ஊரில் மாதா மாதம் பரீட்சை வைப்பார்கள், நீங்களும் வையுங்கள்" என்று முதல்வரைக் கேட்டுப் பயனில்லை. பெற்றோர் ஒரு பக்கம் இப்படித் தாள் கேட்க, அமைச்சு மறுபக்கம் நெருக்கடியைக் குறையுங்கள் என்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

இரண்டாவது கூடை, பாதி அவர் கையில் இருப்பவை. நிதி உதவித் திட்டத்தின் வருமான வரம்பை வகுப்பது அமைச்சு, விண்ணப்பத்தை வாங்குவது பள்ளி. அந்தத் திட்டம் குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிக் குடும்பம் நொடித்துப்போனால் வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி ஆலோசனைக் குழு திரட்டும் நிதி போன்ற பள்ளியின் சொந்த ஏற்பாடுகளிலிருந்து உதவ முடியுமா என்று கேட்கலாம், அதில் முதல்வரின் சொல்லுக்கு எடை உண்டு. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதும், தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்பதும் பள்ளி வழியாகத்தான் மேலே போகும். மருத்துவ, உளவியல் அறிக்கைகள் கையில் இருக்க வேண்டும். விலக்குக் கேட்பது எளிது, கிடைப்பது அரிது.

மூன்றாவது கூடைதான் முக்கியம். வகுப்பு ஒதுக்கீடு, வகுப்பு மாற்றம், ஒழுங்கு நடவடிக்கை, விளையாட்டு, இசை போன்ற இணைப்பாட நடவடிக்கையில் சேர்ப்பது, வேறு பள்ளியிலிருந்து மாறிவரும் குடிமகன் அல்லது நிரந்தரவாசிப் பிள்ளைக்குக் காலியிடம் இருந்தால் எடுத்துக்கொள்வது, பிள்ளை நீண்ட நாள் விடுப்பில் போவது. இவற்றில் முதல்வர் உண்மையாகவே முடிவெடுப்பவர். உங்கள் சக்தியை இங்கே செலவிடுங்கள்.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரியில் சித்தப்பா மகன் கல்யாணம் என்று பத்து நாள் ஊருக்குக் கூட்டிப்போவது நமக்கு இயல்பு. இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் 2003 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது, வருகைப் பதிவைக் கவனிப்பது பள்ளியின் கடமை. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் பொது விடுமுறை கிடையாது. பால்குடம் எடுக்கும் பிள்ளைக்கு விடுப்பு வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியருக்கு எழுதிவிடுங்கள். மறுநாள் வந்து "காய்ச்சல்" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். நெற்றித் திருநீறு காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: ஏணியைப் படிப்படியாக ஏறுங்கள்

வகுப்பாசிரியர், பிறகு அந்த நிலைக்குரிய தலைவர் அல்லது பாடத்துறைத் தலைவர், பிறகு துணை முதல்வர், கடைசியில் முதல்வர். எடுத்த எடுப்பில் முதல்வருக்கு எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அவர் அதை அப்படியே வகுப்பாசிரியருக்கு அனுப்பி விவரம் கேட்பார். ஆசிரியருக்கு உங்கள் மேல் மனத்தாங்கல் மிஞ்சும், விஷயம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும்.

ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கேட்காதீர்கள். 2024 செப்டம்பரில் அமைச்சு பள்ளி–வீட்டுப் பங்காளித்துவத்துக்கான வழிகாட்டிக் குறிப்புகளைப் புதுப்பித்து வெளியிட்டது. ஆசிரியர்கள் சொந்த எண்ணைப் பகிர வேண்டியதில்லை, அவசரம் இல்லாவிட்டால் பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அப்போது தெளிவாகச் சொல்லப்பட்டது. இரவு பத்தரைக்கு "சார், நாளைக்கு ஸ்பெல்லிங் எத்தனாவது பக்கம்?" என்று வாட்ஸ்அப் வருவதால் ஆசிரியர்கள் வேலையை விட்டே போகிறார்கள் என்பது மிகையாக இருக்கலாம், ஆனால் ஆசிரியர்களைத் தக்கவைக்கும் கவலை முதல்வருக்கு உண்டு. தம் ஆசிரியரைப் பெற்றோரிடமிருந்து காப்பது அவர் வேலையில் ஒரு பகுதி ஆகிவிட்டது.

2019இல் வந்த பேரண்ட்ஸ் கேட்வே செயலியைக் கைப்பேசியில் போட்டுவிடுங்கள். பள்ளி அறிவிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் அதில்தான் வரும். அப்பா கைப்பேசியில் மட்டும் போட்டு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது நம் வீடுகளில் சகஜம். இருவரும் போடுங்கள்.

முதல்வருக்கு எழுதும் கட்டம் வந்துவிட்டால், மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். முதலில் தமிழில் இப்படி யோசித்து வைத்துக்கொண்டால் பிறகு மாற்றுவது சுலபம்:

"வணக்கம். என் மகள் தொடக்கநிலை 3இல் படிக்கிறாள் (பெயரும் வகுப்பும்). சென்ற மாதம் முதல் பள்ளிப் பேருந்தில் மூத்த மாணவர் ஒருவர் அவளைத் தொடர்ந்து கேலி செய்கிறார். நடந்த தேதிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். வகுப்பாசிரியரிடம் பேசினோம், அவர் இருவரையும் அழைத்து விசாரித்தார். அதன் பிறகும் இருமுறை நடந்திருக்கிறது. அவள் பாதுகாப்பாகப் பயணம் செய்ய என்ன ஏற்பாடு செய்ய இயலும் என்று உங்களைச் சந்தித்துப் பேச விரும்புகிறோம். வரும் வாரம் எந்த நாளும் எங்களுக்குத் தோதுப்படும்."

என்ன நடந்தது, இதுவரை யாரிடம் பேசினோம், இப்போது என்ன வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். மிரட்டல் வேண்டாம், "நான் இன்ன நிறுவனத்தில் இன்ன பதவி" என்ற அறிமுகமும் வேண்டாம்.

படி 4: சந்திப்புக்கு நாள் பார்ப்பது

ஜனவரி முதல் இரண்டு வாரம், தொடக்கநிலை 6 வாய்மொழித் தேர்வு நடக்கும் ஆகஸ்டு, எழுத்துத் தேர்வு நடக்கும் செப்டம்பர் கடைசி – அக்டோபர் தொடக்கம். அவசரம் இல்லாவிட்டால் இந்த நாள்களைத் தவிருங்கள். வகுப்பு ஒதுக்கீடு பற்றிய வேண்டுகோள் என்றால் அக்டோபருக்குள் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் பட்டியல் தயாராகிவிட்டிருக்கும்.

படி 5: அறைக்குள்

இருவரும் போவது நல்லது. ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழாசிரியர் ஒருவர் கூட இருக்கலாமா என்று முன்பே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொடுமைப்படுத்துதல் பற்றிய புகார்களில்தான் பெற்றோர் அதிகம் கோபித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். "அந்தப் பையனுக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். முதல்வர் வாய் திறக்க மாட்டார். மூடி மறைக்கிறார் என்று தோன்றும். உண்மை என்னவென்றால், இன்னொரு பிள்ளையின் விவரத்தை உங்களிடம் அவர் சொல்லக்கூடாது. உங்கள் பிள்ளையின் விவரத்தையும் அப்படித்தான் காப்பார். பிரம்படியைப் பற்றியும் நம்மவர்களிடம் தப்புக் கணக்கு இருக்கிறது. விதிமுறைப்படி மாணவிகளை அடிக்கவே கூடாது. மாணவர்களையும் கடுமையான தவறுக்கு, முதல்வர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் மட்டுமே தண்டிக்கலாம். "எங்கள் பையனை நாலு தட்டுத் தட்டுங்கள் டீச்சர்" என்று சொல்வது இங்கே பாசமாக எடுத்துக்கொள்ளப்படாது, ஆசிரியர் சங்கடப்படுவார்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இடைவேளையில் என் பிள்ளையை யார் கவனிப்பார்? மீண்டும் நடந்தால் அவள் யாரிடம் போக வேண்டும்? பள்ளி ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு உண்டா? அடுத்து எப்போது பேசுகிறோம்? இவற்றுக்கு முதல்வரால் பதில் சொல்ல முடியும், சொல்லியாகவும் வேண்டும். வீடு வந்ததும் பேசியதைச் சுருக்கி, நன்றியோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதுதான் பதிவு.

செய்யக்கூடாதது ஒன்று: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே போட்டு உடைப்பது. ஒரு பிள்ளையின் பெயர் அந்தக் குழுவில் வந்துவிட்டால் பிறகு முதல்வர் விசாரிக்க வேண்டிய புகார் இரண்டாகிவிடும், இரண்டாவது உங்கள் மேல்.

படி 6: தமிழுக்கு என்ன கேட்கலாம்?

எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் தமிழ் கிடையாது. சீன மொழிக்கென்று இயங்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் அறவே இல்லை. தமிழ் இல்லாத பள்ளியில் பிள்ளை சேர்ந்தால் வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். பேட்டி ரோட்டிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அவற்றுள் பெயர்பெற்றது. பள்ளி முடிந்து களைத்த பிள்ளையை எம்ஆர்டி ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போவது யார் என்று வீட்டில் முடிவான பிறகு பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். திறந்த இல்ல நாளில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "தமிழ் வகுப்பு பள்ளிக்குள் நடக்கிறதா?" என்பதுதான். நம்மில் பலர் அதை மறந்துவிட்டு நீச்சல்குளம் உண்டா என்று விசாரிக்கிறார்கள்.

தமிழ் உள்ள பள்ளியிலும் முதல்வருக்குச் சிக்கல் இருக்கிறது. ஒரு நிலையில் முந்நூறு பிள்ளைகள் இருந்தால் அதில் தமிழ் எடுப்பவர்கள் ஒரு வகுப்புக்கும் குறைவாக இருக்கக்கூடும். தாய்மொழிப் பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அதனால் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் சேர்வார்கள். தமிழாசிரியர் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் ஒருவர் மகப்பேற்று விடுப்பில் போனால் நிவாரண ஆசிரியர் (தற்காலிகமாக வரும் மாற்று ஆசிரியர்) தேடி முதல்வர் அலைய வேண்டும். சரளமாகத் தமிழ் பேசும் புதுக் குடியேறியின் பிள்ளையும், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். "பாடம் ரொம்ப எளிதாக இருக்கிறது" என்று புகார் சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, உயர்தமிழ் (வழக்கமான பாடத்தைவிட மேல்நிலைத் தமிழ்ப் பாடம்) எந்த நிலையில் தொடங்குகிறது, என் பிள்ளைக்குத் தகுதி உண்டா, ஏப்ரலில் வரும் தமிழ்மொழி மாதத்துக்குப் பள்ளி என்ன செய்கிறது, நாங்கள் கைகொடுக்கலாமா என்று கேளுங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் முதல்வர் செவிகொடுப்பார். அவருக்கும் எண்ணிக்கைதான் ஆதாரம்.

தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள் இந்தி எடுக்கலாமா என்று தயங்குவது வேறு கதை. இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது ஆகியவற்றைத் தாய்மொழிப் பாடமாக எடுக்க வழி உண்டு. முடிவைத் தொடக்கநிலை 1க்கு முன்பே எடுத்துவிடுங்கள், நடுவில் மாறுவது பிள்ளைக்குத்தான் பாடு.

படி 7: முதல்வர்களின் சங்கத்தைத் தேடிப் போகாதீர்கள், ஆனால் அது எதற்கென்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மூரில் தலைமையாசிரியர் கழகங்கள் உண்டு. கோரிக்கைப் பட்டியல், செய்தியாளர் சந்திப்பு, ஆர்ப்பாட்டம் எல்லாம் பழகியவை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதே கண்ணோடு இங்கே தேடினால் ஒன்றும் தென்படாது.

இங்கே இருப்பது அகாடமி ஆஃப் பிரின்சிபல்ஸ் என்ற தொழில்முறை அமைப்பு. முதல்வர்களும் துணை முதல்வர்களும் அதன் உறுப்பினர்கள். தொடக்கப்பள்ளிக்கென்று தனி அமைப்பாக இல்லாமல் எல்லா நிலைப் பள்ளிகளின் தலைவர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். தொழில் வளர்ச்சி, அனுபவப் பகிர்வு, புதிய முதல்வருக்கு மூத்தவர் துணை ஆகியவைதான் அதன் களம். ஒரு பள்ளியின் மேல் புகார் கொடுக்கும் இடம் அது அன்று. அங்கே எழுதினால் உங்கள் கடிதத்துக்கு வேலை இல்லை.

ஆசிரியர்களுக்குத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஆசிரியர் சங்கம் 1946இலும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் 1951இலும் தோன்றியவை. தமிழாசிரியர் சங்கத்தின் பெயரை நீங்கள் அடிக்கடி கேள்விப்படுவீர்கள், தமிழ் முரசு நாளிதழோடு சேர்ந்து வழங்கும் நல்லாசிரியர் விருது அதற்கு ஒரு காரணம். உங்கள் பிள்ளையின் தமிழாசிரியர் நன்றாகச் செய்கிறார் என்று நினைத்தால் அந்த விருதுக்குப் பெயர் முன்மொழியுங்கள். முதல்வருக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கள். புகாரே வந்து குவியும் மின்னஞ்சல் பெட்டியில் அது தனியாகத் தெரியும். ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை. பிள்ளை கையால் எழுதிய அட்டை போதும், விலையுயர்ந்த பரிசு ஆசிரியரைத்தான் சிக்கலில் மாட்டும்.

முதல்வர்கள் அரசாங்க அதிகாரிகள் என்பதால் தங்கள் குறைகளை ஊடகத்தில் பேசுவதில்லை. பேச்சு எல்லாம் அமைச்சுக்கு உள்ளேயே நடக்கிறது. வேலைநிறுத்தம் இல்லாமல் பள்ளி நடப்பது நமக்கு நிம்மதிதான். ஆனால் இந்த அமைதிக்கு ஒரு விலை இருக்கிறதென்று நினைக்கிறேன். ஆள் பற்றாக்குறை, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் கூடி வருவது, பெற்றோரின் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போவது ஆகியவை முதல்வரின் வாயிலிருந்து வெளியே வருவதே இல்லை. அதனால் பெற்றோர் அவருக்குச் சிக்கலே இல்லை என்று எண்ணிக்கொண்டு, தங்களுடைய ஒரு சிக்கலை மட்டும் மேசைமேல் வைக்கிறார்கள். நீங்கள் பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்தால் இந்த மறைவான பக்கம் கொஞ்சம் கண்ணில் படும். அதற்காகவாவது சேருங்கள்.

படி 8: அப்படியும் முடியவில்லை என்றால்

முதல்வரின் பதில் கிடைத்த பிறகும் நியாயம் இல்லை என்று தோன்றினால் கல்வி அமைச்சுக்கு எழுதலாம். அது தொகுதிக் கண்காணிப்பாளர் பார்வைக்குப் போக வாய்ப்புண்டு. உங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்ப்பதும் வழக்கம். அவரும் அமைச்சுக்குத்தான் கடிதம் அனுப்புவார், அமைச்சு விளக்கம் கேட்டு அதே பள்ளிக்குத்தான் வரும். முன்பு அனுப்பிய மின்னஞ்சல்களும் தேதிகளும் அப்போதுதான் உதவும். பிள்ளையின் உடலுக்கு ஆபத்து என்றால் இந்த வரிசை எதையும் பார்க்காதீர்கள், காவல்துறையை அழையுங்கள்.

படிப்பில் பின்தங்குவது மட்டுமே சிக்கல் என்றால் மேலே போவதால் ஒன்றும் ஆகாது. 1991இல் தொடங்கிய சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இந்தியப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்பு நடத்துகிறது. பள்ளியிலேயே கேட்டால் சேரும் வழியைச் சொல்வார்கள்.

ஆண்டு முடிவில் பேரண்ட்ஸ் கேட்வேயில் "புதிய முதல்வர் பொறுப்பேற்கிறார்" என்ற அறிவிப்பு வந்தால், உங்கள் பிள்ளைக்கென்று செய்த ஏற்பாடு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். தனி இருக்கை, மருந்து, ஆலோசகர் சந்திப்பு, எதுவானாலும் சரி. விடுமுறை தொடங்குமுன்னரே துணை முதல்வருக்கும் நிலைத் தலைவருக்கும் பழைய மின்னஞ்சலோடு ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடுங்கள். ஜனவரி மூன்றாம் வாரத்தில் புதியவருக்கு இரண்டு வரி எழுதி அறிமுகம் செய்துகொண்டால் போதும்.